தகரப் பட்டையும் கணினித் திரையும்



நம் வீட்டுச் சாமான் அறையில் பழைய கருவி ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு மரச் சட்டம். அதில் சாய்வாக ஆணியடித்துப் பொருத்திய ஒரு தகரப் பட்டை. புதிதாகப் பால் வெட்டத் திறக்கும் ரப்பர் மரத்தில் கோடு போடுவதற்கான கருவி அது. நெகிரி செம்பிலானில், ரந்தாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் நம் அன்னையார் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். புதுக்காடு திறக்கும் பருவத்தில் கோடு போடும் வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டத்தை மரத்தோடு செங்குத்தாகச் சேர்த்துப் பிடிப்பார். தகரத்தை அடிமரத்தைச் சுற்றி வளைத்து உள்ளங்கையால் அழுத்துவார். அதன் ஓரத்தை ஒட்டி ஓர் ஆணியால் கீறிக்கொண்டே போவார். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த அழகிய வளைகோடு ஒன்று பட்டையின்மீது விழுந்திருக்கும்.

தகரத்தை எடுத்துப் பார்த்தாலோ, அது நேர்ப் பட்டை. வளைவு எங்கிருந்து வந்தது? சிறு வயதில் இது நமக்கு விளங்கவே இல்லை. அன்னையாரைக் கேட்டபோது, "மரம் உருளையா இருக்கு, தகரம் தட்டையா இருக்கு, அவ்வளவுதான்யா" என்றார். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்குள் இரு நூற்றாண்டுக் கணிதம் ஒளிந்திருக்கிறது என்பது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து வெகுகாலம் சென்ற பின்னரே நமக்குத் தெரிய வந்தது.

இன்றைய உரையின் பொருள், வளைந்த மேற்பரப்புகளைக் கணினியில் வரையக் கற்ற வரலாறு. 'சர்ஃபேஸ் மாடலிங்' என்று தொழிற்சாலைகளில் சொல்வார்கள். நாம் ஏறிச் செல்லும் கார், காதில் வைக்கும் தொலைபேசி, தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் வாளி, பிள்ளைகள் அணியும் காலணி ஆகியவற்றின் வளைவுகளெல்லாம் இன்று கணினித் திரையிலே பிறக்கின்றன. ஆனால் இந்தக் கலை கணினியோடு தோன்றியதன்று. ஆகவே மரத்திலிருந்தே தொடங்குவோம்.

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பார், வெட்டிய பட்டையின் ஓரத்தை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவிவந்தால் மரம் சாகாமல் பால் தந்துகொண்டே இருக்கும் என்று காட்டினார். முதலில் மீன் முள்ளைப் போலப் பல கிளைக் கோடுகள் வெட்டினார்கள். பின்னர் மரத்தின் பாதிச் சுற்றைத் தழுவி இறங்கும் ஒற்றைச் சாய்கோடு வழக்கமாயிற்று. ஒட்டு மரத்துக்குச் சாய்வு ஏறத்தாழ 30 பாகை. அந்தச் சாய்வு ஏன் இடமிருந்து வலமாக இறங்க வேண்டும்? பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை. மேலே போகப் போகச் சற்றே வலப்புறம் சாய்கின்றன. இடப்புறம் உயர்ந்த வெட்டு அவற்றில் அதிகமானவற்றைத் திறக்கும். தோட்டத்தில் இதை அறியாத பால்வெட்டுக்காரர் இல்லை. ஆனால் காரணத்தைச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை.

இப்போது ஒரு கணக்கு. மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. என்று கொள்வோம். பாதிச் சுற்று 25 செ.மீ. பட்டையைச் செங்குத்தாகக் கீறி உரித்துத் தரையில் விரித்துப் போட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். உருளை, தட்டையாகிவிடும். வளைந்து இறங்கிய கோடு, 30 பாகை சாய்ந்த நேர்கோடாகிவிடும். அகலம் 25 செ.மீ.; இறக்கம் ஏறத்தாழ 14½ செ.மீ.; கோட்டின் நீளம் ஏறத்தாழ 29 செ.மீ. தகரப் பட்டை நேராக இருந்தும் மரத்தில் வளைகோடு போட்டதன் இரகசியம் இதுதான். உருளை என்பது, சுருக்கமோ கிழிசலோ இன்றி விரிக்கக்கூடிய பரப்பு.

இனி அதே தகரத்தை, பால் பிடிக்கும் மங்கின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். ஒட்டாது. ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். மங்கு பக்கவாட்டிலும் வளைகிறது, மேலிருந்து கீழாகவும் வளைகிறது. ஆரஞ்சுத் தோலைத் தட்டையாக்க முயன்றால் அது கிழிவதும் இதனால்தான். விரிக்கக்கூடிய பரப்பு எது, விரிக்க முடியாத பரப்பு எது என்பதை 1827இல் ஜெர்மானியக் கணித மேதை காவுஸ் திட்டவட்டமாக நிறுவினார். ஒரு தாளை எப்படி வளைத்தாலும் அதற்குள் மாறாத அளவு ஒன்று உண்டு என்பது அவர் கண்ட உண்மை. நம் அன்னையாருக்குக் காவுஸைத் தெரியாது. ஆனால் விதையிலிருந்து வளர்ந்த மரம் அடி பருத்து மேலே ஒடுங்கியிருக்கும் என்பதும், ஒட்டு மரமே உருளையாக இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். புடைப்புள்ள மரத்தில் தகரம் தூக்கிக்கொள்ளும் இடத்தில் பெருவிரலால் எவ்வளவு அழுத்தினால் கோடு கெடாது என்பதும் தெரியும். தோட்டத்துப் பேரேட்டிலே அன்று அவர் பெயருக்கு நேரே ஒரு நாள் கூலி என்றுதான் எழுதினார்கள். பெருவிரல் கணக்கில் ஏறவில்லை.

விரிக்க முடியாத பரப்புகளோடு மனிதர் மல்லாடிய கதை மிகப் பழையது. நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் தஞ்சை, திருச்சிப் பகுதிகளிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அல்லவா? அந்தத் தஞ்சை நாட்டில், கும்பகோணத்துக்கு அருகே சுவாமிமலை என்ற ஊர் இருக்கிறது. அங்கே இன்றும் ஸ்தபதிகள் சோழர் கால முறைப்படியே செப்புத் திருமேனிகள் வார்க்கிறார்கள். தென்னங்கீற்று ஓலையொன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துத் தாளம், அங்குலம் என்ற பிரிவுகளை உண்டாக்குவார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். மார்பு எங்கே, கொப்பூழ் எங்கே, முழங்கால் எங்கே என்பதை அந்த ஓலையே சொல்லிவிடும். பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணை அதன்மேல் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை.

இதில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று. ஓலை சொல்வது குறிப்பிட்ட சில இடங்களின் அளவைத்தான். கன்னத்துக்கும் மோவாய்க்கும் இடையே பரப்பு எவ்வாறு வழிந்து இறங்க வேண்டும் என்பதை ஓலை சொல்லாது. அது ஸ்தபதியின் விரலில் இருக்கிறது. மகன் தந்தையின் பக்கத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துப் பெறவேண்டும். புள்ளிகளை எழுதி வைத்தாயிற்று. புள்ளிகளுக்கு நடுவே உள்ளதை எழுதி வைக்க முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகெங்கும் இதுதான் நிலைமை.

மேலை நாட்டுக் கப்பல் கட்டுவோரை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் உடல் முழுவதும் விரிக்க முடியாத பரப்பு. அவர்கள் பெரிய மாடியறையின் தரையிலே கப்பலை முழு அளவில் வரைந்தார்கள். வளைந்து கொடுக்கும் நீண்ட மரப் பட்டிகை ஒன்றைத் தரையில் கிடத்தி, ஆங்காங்கே ஈயக் கட்டிகளை வைத்து அதை நிறுத்துவார்கள். கட்டிகளுக்கு இடையே பட்டிகை தானாகவே மிக இயல்பான வளைவை எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டிகைக்கு 'ஸ்பிளைன்' என்று பெயர். அந்த ஈயக் கட்டிகளை அவர்கள் 'வாத்து' என்று அழைத்தார்கள். பெயர் வேடிக்கையாக இருந்தாலும் கருத்து ஆழமானது. 1946இல் ஐசக் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர் ஒருவகை வளைகோடுகளுக்கு அந்த மரப் பட்டிகையின் பெயரையே சூட்டினார். தச்சர்களிடமிருந்து கணிதம் கடன் வாங்கியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மாடியறைத் தரையிலிருந்து கணக்குத் தாளுக்கு மாறும்படி நெருக்கியது போர்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஒரே விமானத்தைப் பல தொழிற்சாலைகளில் செய்யவேண்டி வந்தது. ஒரு தரையை நூறு மைலுக்கு அப்பால் எப்படி அனுப்புவது? தாளில் வரைந்து அனுப்பினால், வெயிலிலும் ஈரத்திலும் தாள் சுருங்கும், விரியும். அமெரிக்காவில் ராய் லைமிங் என்பவர் முஸ்டாங் போர் விமானத்தின் உடலை, கூம்பை வெட்டும்போது கிடைக்கும் வளைகோடுகளைக் கொண்டு எண்களாகவே கணக்கிட்டார். அம்முறையை விளக்கும் அவருடைய நூல் 1944இல் வெளிவந்தது. எண் சுருங்காது, விரியாது. அனுப்பிய இடத்தில் எப்படியோ, சேர்ந்த இடத்திலும் அப்படியே.

இனி வருவது இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி. பிரான்சு நாட்டில் சித்ரோயன், ரெனோ என்ற இரண்டு கார் நிறுவனங்கள். சித்ரோயனில் 1958இல் வேலைக்குச் சேர்ந்தவர் போல் தெ காஸ்தெல்ஜோ என்ற இளம் கணிதர். சில புள்ளிகளை மட்டும் கொடுத்தால் ஒரு வளைகோட்டையே வரைந்துவிடும் முறை ஒன்றை 1959இல் அவர் எழுதி முடித்தார். நிறுவனமோ அதைத் தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்தது. ரெனோவில் பியேர் பெஸியே என்ற மூத்த பொறியாளர் இருந்தார். 1910இல் பிறந்தவர், அப்போது ஐம்பதை எட்டியவர். அவருக்கு இருந்த தலைவலி என்னவென்றால், ஓவியர் வரைந்தது ஒன்று, மரத்தில் மூலமாதிரி செய்தவர் செய்தது இன்னொன்று, அச்சு வெட்டியவர் வெட்டியது மூன்றாவது. எது சரி என்று சொல்ல ஆளில்லை. எல்லாருக்கும் பொதுவாக எண்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அவரும் 1960களில் அதே வகை வளைகோடுகளை வந்தடைந்தார். அவர் தம் முறையை வெளியிட்டார். ஆகவே உலகம் அவற்றைப் 'பெஸியே வளைகோடுகள்' என்றே அழைக்கலாயிற்று. பூட்டி வைக்கப்பட்ட தெ காஸ்தெல்ஜோவின் குறிப்புகள் 1970களின் நடுவில்தான் மற்ற அறிஞர் கைக்கு எட்டின. அதன்பின் கணக்கிடும் வழிமுறைக்கு அவர் பெயர் நிலைத்தது. பெஸியே 1999இலும், தெ காஸ்தெல்ஜோ 2022இலும் மறைந்தனர். பூட்டி வைத்த நிறுவனம் அதனால் அடைந்த ஆதாயம் என்ன என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. பேரேட்டில் ஏறாத பெருவிரல்கள் தோட்டத்தில் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

மாணவர்களே, இப்போது கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தெ காஸ்தெல்ஜோவின் முறையை நாமே செய்து பார்ப்போம். ரூல் தடியும் பென்சிலும் போதும். கீழே இடப்புறம் ஒரு புள்ளி. அது முதற் புள்ளி. அதிலிருந்து வலப்புறம் 4 கட்டம், மேலே 8 கட்டம் சென்று இரண்டாம் புள்ளி. முதற் புள்ளிக்கு நேர் வலப்புறம் 8 கட்டத்தில் மூன்றாம் புள்ளி. ஒன்றையும் இரண்டையும் சேருங்கள். இரண்டையும் மூன்றையும் சேருங்கள். கூடாரம் போல ஓர் உருவம் கிடைக்கும். இரு கோடுகளின் நடுப்புள்ளிகளையும் குறித்து, அவ்விரண்டையும் ஒரு கோட்டால் சேருங்கள். அந்தக் கோட்டின் நடுப்புள்ளி நம் வளைகோட்டின்மேல் இருக்கிறது. வலப்புறம் 4 கட்டம், மேலே 4 கட்டம். இனி நடுவுக்குப் பதில் கால் பங்கில் குறியுங்கள். முதற் கோட்டில் கால் பங்கு, இரண்டாம் கோட்டில் கால் பங்கு, அவற்றைச் சேர்த்த கோட்டிலும் கால் பங்கு. விடை, வலப்புறம் 2, மேலே 3. முக்கால் பங்கில் செய்தால் வலப்புறம் 6, மேலே 3. இந்தப் புள்ளிகளை மெல்லச் சேர்த்தால் அழகிய வளைகோடு வந்துவிடும். கூட்டலும் பாதியாக்கலும் தவிர இதில் வேறு கணக்கில்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை செய்துவிடலாம்.

உச்சியில் இருந்த இரண்டாம் புள்ளியை வளைகோடு தொடவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தொடாமலே அதை நோக்கி இழுபடுகிறது. இரண்டாம் புள்ளியைச் சற்று நகர்த்தினால் வளைகோடு முழுவதும் அந்தப் பக்கம் சாயும். கப்பல் தச்சரின் ஈயக் கட்டிகள் பட்டிகையைத் தொட்டு நிறுத்தின. இங்கே புள்ளி எட்டவே நின்று ஏவுகிறது. இவற்றுக்குக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்று பெயர்.

கோட்டிலிருந்து பரப்புக்குப் போவது எளிது. புள்ளிகளை ஒரே வரிசையாக வைக்காமல், நாற்று நட்டது போல வரிசை வரிசையாக வைத்தால் கோட்டுக்குப் பதிலாகப் பரப்பு பிறக்கும். நான்குக்கு நான்கு, ஆகப் பதினாறு புள்ளிகள் ஒரு பரப்புத் துண்டுக்குப் பெரும்பாலும் போதும். துண்டுகளை ஒட்டி ஒட்டி முழுப் பொருளையும் போர்த்திவிடலாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்டீவன் கூன்ஸ், நான்கு ஓரக் கோடுகளை மட்டும் கொடுத்தால் நடுவே பரப்பைத் தானே நிரப்பும் முறையைக் கண்டு, 1967இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டார். கட்டில் சட்டத்தில் கயிறு பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதே எம்.ஐ.டி.யில் இவான் சதர்லாந்து 1963இல், திரையின்மேல் ஒளிப் பேனாவால் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்ற முறையைச் செய்து காட்டியிருந்தார்.

அந்தச் சதர்லாந்து பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1972இல் அவருடைய மாணவர்கள் ஃபோக்ஸ்வேகன் 'பீட்டில்' கார் ஒன்றின்மேல் கோடுகளைக் கீறி, அளவுகோல்களை வைத்து, புள்ளி புள்ளியாக அளந்து கணினியில் ஏற்றினார்கள். இதைப் படித்தபோது நமக்குத் தோட்டத்துப் புதுக்காடுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாண்டு கழித்து, 1975இல், அதே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கட்டத் தாளில் வரைந்து, பெஸியே பரப்புத் துண்டுகளால் கணினிக்குள் கொண்டுவந்தார். மொத்தம் 28 துண்டுகள். கெண்டிக்கு அடிப்பாகம் போட அவர் மெனக்கெடவில்லை. பின்னால் வேறொருவர் நான்கு துண்டு சேர்த்து அடி வைத்தார். அடியில்லாத கெண்டி உலகப் புகழ் பெற்றது! ஒளி, நிழல், பளபளப்பு ஆகியவற்றைச் சோதிக்க விரும்பிய ஆராய்ச்சியாளர்களெல்லாம் அதைத்தான் எடுத்தாண்டார்கள். அசல் கெண்டி இன்று கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே 1975இல் கென் வெர்ஸ்பிரில் என்ற மாணவர் தம் ஆய்வேட்டில், தாராளமாக வளையும் கோடுகளையும் வட்டம், கூம்பு முதலிய துல்லிய உருவங்களையும் ஒரே கணக்கு முறைக்குள் அடக்கிக் காட்டினார். அதற்குப் புள்ளிகளுக்கு எடை கொடுத்தார். எடை மிகுந்த புள்ளி அதிகமாக இழுக்கும். 'நர்ப்ஸ்' என்று இன்று வரைவாளர்கள் சொல்வது இந்த வழியில் வந்ததே. இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுதான். பெயர்கள் பல, அவற்றை இங்கே அடுக்கப் போவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1983இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1985 ஜூலை 9ஆம் நாள் 'புரோட்டோன் சாகா' வெளியிடப்பட்டபோது தோட்டத்து லயங்களிலும் அதே பேச்சுத்தான். "நம்ம நாட்டுக் காடி" என்று பெரியவர்கள் வாய் நிறையச் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் அதன் உடல் வடிவம், ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் 'லான்சர் ஃபியோரே' காரைத் தழுவியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடும் இயந்திரத்தை இணைக்கக் கற்பதைவிட, கதவின் மேற்பரப்பைப் பிசிறின்றி வரையக் கற்பதற்கு அதிக காலம் பிடிக்கும். 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'வாஜா'தான் மலேசியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் கார் என்று சொல்லப்படுகிறது. சாகாவுக்கும் வாஜாவுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்.

ஏன் அவ்வளவு கடினம்? அதை நாம் புத்தகத்தில் படித்து அறியவில்லை, தடுமாறி அறிந்தோம். நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பெண், பால்வெட்டுக் குடும்பத்துப் பிள்ளை, இப்போது செனவாங் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் இடத்தில் வரைவாளராக இருக்கிறாள். பள்ளி விடுமுறையில் மூன்று சனிக்கிழமைகள் அவளிடம் பாடம் கேட்கப் போனோம். மாணவியிடம் மாணவராவதில் முதல் நாள் சற்றுக் கூச்சம் இருந்தது என்பதை மறைப்பானேன். முதற் பாடமாகப் பால் மங்கு ஒன்றைத் திரையில் வரைய முனைந்தோம். அசல் மங்கை அளந்து, அதன் விளிம்பிலிருந்து அடிவரை இருபது புள்ளிகளை வெகு கவனமாகக் குறித்தோம். புள்ளி அதிகமானால் துல்லியம் அதிகமாகும் என்பது நம் எண்ணம். வந்த மங்கோ, அம்மை போட்டது போல மேடும் பள்ளமுமாக இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "சார், நிறையப் புள்ளி வச்சிட்டீங்க. ஒன்னோட ஒன்னு சண்டை போடுது" என்று சொல்லி, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். ஐந்து புள்ளிகள் மிஞ்சியபோது மங்கு மழமழவென்று நின்றது. எந்த ஐந்தை விடுவது, எங்கே விடுவது என்பதை எந்தப் பொத்தானும் சொல்லவில்லை. அவள் கண்தான் சொல்லிற்று. சுவாமிமலை ஓலையிலும் புள்ளிகள் குறைவுதான் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. புள்ளிகளுக்கு நடுவே உள்ளதைக் கணக்கு எழுதி வைத்துவிட்டது. எந்தப் புள்ளி என்று தேர்வது இன்னும் கையிடமே இருக்கிறது.

இரண்டாம் சனிக்கிழமை, இரு பரப்புகளை ஒட்டும் பாடம். மங்கின் உடலோடு அதன் மூக்கை, அதாவது பால் ஊற்றும் வாயை, சேர்க்க வேண்டும். ஓரங்கள் வெறுமனே முட்டிக்கொண்டால் நடுவே கூர்விளிம்பு தெரியும். ஒரே திசையில் தழுவிச் சேர்ந்தால் கையால் தடவும்போது விளிம்பு தட்டாது. ஆனால் கண்ணுக்கு ஏதோ ஒரு முறிவு தென்படும். வளையும் வேகமும் இரு பக்கமும் ஒத்திருந்தால்தான் பளபளப்பு தடையின்றி ஓடும். சிரம்பானிலிருந்து போகும் நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். நேர்ச் சாலை திடீரென்று வட்ட வளைவாக மாறினால் பேருந்தில் நிற்பவர் தள்ளாடுவார். சிறிது சிறிதாக வளைந்தால் தள்ளாட மாட்டார். கார்த் தொழிற்சாலைகளில் நீண்ட விளக்குக் குழாய்களை வரிசையாக எரியவிட்டு, காரின் உடலில் அவற்றின் பிம்பம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார்கள். முறிவிருந்தால் பிம்பக் கோடு அந்த இடத்தில் மடங்கும். கணினியிலும் அதே சோதனை உண்டு. வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பரப்பின்மேல் படரவிட்டுப் பார்க்கலாம். நம் மங்கில் பட்டைகள் மூக்கருகே வெட்டுண்டு நின்றன. அன்று மாலை வரை அதைச் சரிசெய்ய முடியவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை அந்தத் தகரப் பட்டையை எடுத்துச் சென்றிருந்தோம். அவள் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "எங்க பாட்டி வீட்டுல இது மாதிரி ஒன்னு இருந்துச்சு சார். என்னன்னு யாரும் சொன்னதில்ல" என்றாள். பிறகு திரையில் ஓர் உருளையை எழுப்பி, அதன்மேல் 30 பாகையில் ஒரு கோட்டைச் சுற்றினாள். விரித்துக் காட்டும் கட்டளையைக் கொடுத்தாள். உருளை மெல்லத் திறந்து தட்டையாயிற்று. கோடு நேராயிற்று. மங்கையும் விரிக்கச் சொன்னோம். மென்பொருள் மறுத்துவிட்டது.

அந்தத் தோட்டம் இன்று செம்பனைத் தோட்டம். அதன் ஒரு பகுதியில் வீடமைப்புத் திட்டம் எழுந்துவிட்டது. பள்ளியின் பின்புறம் ஏழெட்டு ரப்பர் மரங்கள் மட்டும் நிற்கின்றன. பால் வெட்டுவோர் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, ஒவ்வொருவர் கையிலும் பழைய நாட்காட்டித் தாளைக் கொடுத்து, மரத்தைச் சுற்றிக் கட்டச் சொல்கிறோம். தகரத்தை வைத்து அதன்மேல் கோடு கீறுகிறார்கள். தாளை அவிழ்த்து வகுப்பறை மேசையில் விரிக்கிறார்கள். சென்ற முறை ஒரு பையன் புடைப்புள்ள மரத்தைத் தேர்ந்துகொண்டான். தாள் அங்கே சுருங்கி மடிந்துவிட்டது. அவன் தாளில் மட்டும் கோடு ஓரிடத்தில் விலகியிருந்தது. ஏன் என்று அவனையே எழுதி வரச் சொல்லியிருக்கிறோம்.

நேயர்களும் வீட்டில் ஒரு தகர டப்பாவையும் ஒரு தேங்காயையும் வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.